துப்பாக்கி இல்லாத வேட்டை

தோ பாயோ வட்டாரத்தில் புறாக்களுக்குத் திரும்பத் திரும்ப இரை போட்டதற்காக ஒரு மூதாட்டிக்கு 2025ஆம் ஆண்டில் நீதிமன்றம் 1,200 வெள்ளி அபராதம் விதித்தது. செய்தியை மேலோட்டமாகப் படிப்பவருக்கு இது ஏதோ குப்பை போட்ட வழக்கு என்றுதான் தோன்றும். ஆனால் அவர்மீது பாய்ந்தது வனவிலங்குச் சட்டம். குருவிக்குக் கண்ணி வைத்தவரையும் மலைப்பாம்பைக் கத்தியால் வெட்டியவரையும் விசாரிக்கும் அதே சட்டம்.

வேட்டை என்றதும் காடு, துப்பாக்கி, மீசை, ஜீப் என்று மனத்தில் ஒரு படம் ஓடும். சிங்கப்பூரில் அந்தப் படத்துக்கு இடமே கிடையாது. பொழுதுபோக்காக வேட்டையாட இங்கே யாருக்கும் உரிமம் கொடுப்பதில்லை. ஆகவே ‘எனக்கும் வேட்டைக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்டுவிட்டு இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விட நினைப்பவர்கள் சற்று நிற்பது நல்லது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சன்னலோரம் ஒரு பிடி சோறு வைப்பவர், கீழ்த்தளத்தில் விழுந்து கிடந்த மைனாக் குஞ்சை எடுத்து அட்டைப்பெட்டியில் வளர்ப்பவர், கொல்லையில் நுழைந்த உடும்பைக் கயிறு போட்டுப் பிடிப்பவர் என எல்லாருமே இந்தச் சட்டத்தின் வாசலில் நிற்பவர்கள்தாம்.

ஒரு காலத்தில் இதே தீவில் கொல்வதற்குக் காசு கொடுத்தார்கள். புக்கிட் தீமா பக்கத்தில் மிளகு, காம்பிர்த் தோட்டங்கள் பெருகிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் புலி மனிதரை அடிப்பது வாடிக்கையாக இருந்தது. புலியைக் கொன்றவருக்குக் கிடைத்த வெகுமதி 100 வெள்ளியைத் தொட்டது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கே சாலை போட்டுக்கொண்டும் கட்டடம் கட்டிக்கொண்டும் இருந்த கைதிகளின் கையில் பழைய மஸ்கெட் துப்பாக்கிகளைக் கொடுத்து, குழு குழுவாகப் புலி வேட்டைக்கு அனுப்பியது அரசாங்கம். கைதியிடம் துப்பாக்கி கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பும் துணிச்சல் எந்த அரசாங்கத்துக்கு வரும்! புலி பயம் அந்த அளவுக்கு இருந்தது. 1902இல் ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கியிருந்து சுடப்பட்ட புலியின் கதை புகழ்பெற்றது. அது சர்க்கஸிலிருந்து தப்பி வந்தது. சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப் புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டது.

புலி போன பிறகு நெடுங்காலம் சட்டம் தூங்கி வழிந்தது. 1965ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டத்தில் அதிகபட்ச அபராதம் வெறும் 1,000 வெள்ளி. அதோடு பிடித்த விலங்கையும் பறிமுதல் செய்வார்கள். ஒரு நல்ல பாட்டுக் குருவி அதைவிட அதிக விலைக்குப் போகும் ஊரில் அது அபராதமா, தொழில் செலவா என்று கேட்கலாம். இன்னொரு விந்தையும் அதில் இருந்தது. வீட்டுக் காக்கை, மாடப்புறா, இரண்டு வகை மைனா, இரண்டு வகை ஸ்டார்லிங் என ஆறு பறவைகளை ஒரு பட்டியலில் போட்டு, இவற்றை யாரும் அனுமதி இல்லாமலே கொல்லலாம், பிடிக்கலாம், வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தது அந்தச் சட்டம்.

2020 மார்ச்சில் இது மாறியது. விலங்கு நலனுக்காக 2001இல் ‘ஏக்கர்ஸ்’ அமைப்பைத் தொடங்கியவரும் அப்போது நீ சூன் குழுத்தொகுதி உறுப்பினராக இருந்தவருமான லூயிஸ் இங், தனிநபர் மசோதாவாகத் திருத்தத்தைக் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா சட்டமாவது அபூர்வம். இது ஆனது. 2020 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்து, வனவிலங்குச் சட்டம் என்ற புதுப் பெயரும் பெற்றது. ஆறு பறவைகளுக்கு இருந்த விதிவிலக்கு ஒழிந்தது. சட்டத்தை நடைமுறைப்படுத்துவது தேசியப் பூங்காக் கழகம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். சட்டம் வினைச்சொற்களால் பேசுகிறது. கொல்லுதல், பொறியில் சிக்கவைத்தல், பிடித்தல், வைத்திருத்தல் ஆகிய நான்கில் எதைச் செய்வதற்கும் வனவிலங்கு நிர்வாகத் தலைமை இயக்குநரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ‘வாயால் கேட்டேன், சரி என்றார்கள்’ என்பது எடுபடாது. அனுமதி இல்லாமல் செய்து முதல்முறை பிடிபட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விலங்கு பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் இருந்தால் அபராதம் 50,000 வெள்ளி வரையும் சிறை இரண்டு ஆண்டு வரையும் போகும்.

நான்கில் மக்கள் அதிகம் தடுக்கி விழுவது கடைசிச் சொல்லில்தான். கொல்வதும் பிடிப்பதும் தப்பு என்று யாரும் சொல்லாமலே புரியும். வைத்திருப்பது தப்பு என்பது எளிதில் புரிவதில்லை, அதுவும் இரக்கத்தால் வைத்திருக்கும்போது. மழைக்குப் பிறகு கீழ்த்தளத் தூணோரம் சிறகு முளைத்தும் முளைக்காத ஒரு மைனாக் குஞ்சு கிடக்கிறது. வாயைப் பிளந்து கத்துகிறது. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்து வந்து பஞ்சில் கிடத்தி, ஊறவைத்த பிஸ்கட் ஊட்டுகிறார்கள். நாலு நாளில் அது கூண்டுப் பறவை ஆகிவிடுகிறது. சட்டப்படி இது ஒரு வனவிலங்கைப் பிடித்து வைத்திருப்பது. பெரும்பாலும் அந்தக் குஞ்சு பறக்கப் பழகும் பருவத்தில் இறங்கியதாகத்தான் இருக்கும். தாய்ப்பறவை பக்கத்து மரத்திலேயே உட்கார்ந்திருக்கும். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகிப்போவதே அதற்குச் செய்யும் உதவி. அடிபட்டிருந்தால் கீழே சொல்லப்போகும் எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கூண்டுக் கிளியைப் பற்றி லிட்டில் இந்தியாவில் கேட்காமல் இருக்க முடியாது. சிராங்கூன் சாலையில் சீட்டு எடுத்துக் கொடுத்த ஜோசியக் கிளி, சுற்றுப்பயணிகளின் கேமராவுக்குள் எத்தனையோ முறை போயிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிங்கப்பூரில் கேள்வி வேறு: பறவை எங்கிருந்து வந்தது? உரிமம் பெற்ற செல்லப்பிராணிக் கடையில் முறைப்படி வாங்கியதா, மரப்பொந்திலிருந்து எடுத்ததா? இதற்கு விடை சொல்லக்கூடியது ரசீது ஒன்றுதான். பறவை உயிரோடு இருக்கும்வரை ரசீதும் பத்திரமாக இருக்கட்டும். பாட்டுப் பறவை பிரியர்களுக்குக் கூடுதலாக ஒரு சொல். உலக அளவில் மிக அருகிவிட்ட ஸ்ட்ரா-ஹெடட் புல்புல் என்ற கொண்டைக்குருவிக்குச் சிங்கப்பூர், குறிப்பாகப் புலாவ் உபின், மிஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்களில் ஒன்று. அதன் குரலே அதற்கு எமனாகிவிட்டது. கூண்டுச் சந்தைக்காகப் பிடித்துப் பிடித்தே பல நாடுகளில் அதை இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

நட்சத்திர ஆமை விஷயத்தில் தயக்கமே வேண்டாம். ‘அதிர்ஷ்டம்’ என்று சொல்லி யார் கொடுத்தாலும் தொடக்கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்த ஆமை, 2019இல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் உச்சத்துக்குப் போனது. சென்னை விமான நிலையத்தில் பயணப் பைகளில் பிடிபடும் உயிர்களில் இதற்கு நிரந்தர இடம் உண்டு.

இரை போடுவது வேட்டை ஆகாதுதான். ஆனாலும் கொல்லும் கையையும் ஊட்டும் கையையும் ஒரே சட்டம் பிடிக்கிறது. முன்பு இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் மட்டும் தடை இருந்தது. புறாவுக்குத் தனி விதி இருந்தது, அதிகபட்ச அபராதம் 500 வெள்ளி. 2020 முதல் நாடு முழுவதும் எந்த வனவிலங்குக்கும் தெரிந்தே இரை போடக்கூடாது. முதல்முறை 5,000 வெள்ளி வரை, மறுமுறை 10,000 வெள்ளி வரை அபராதம். 2021இல் லோரோங் ஹாலுஸ் பகுதியில் காட்டுப்பன்றிகளுக்கு ரொட்டி போன்றவற்றைப் போட்டதற்காக 11 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அதே காலத்தில்தான் பக்கத்துப் பொங்கோலில் காட்டுப்பன்றி குடியிருப்புப் பகுதிக்கு வந்து ஆட்களை முட்டித் தள்ளியது. மனிதக் கையில் சோறு உண்டு என்று கற்றுக்கொண்ட பன்றி, கையில் பையோடு நடந்து வரும் எவரையும் விடாது.

தமிழர் வீட்டில் இந்த இடம் கொஞ்சம் வலிக்கும். அமாவாசைக்கு விரதம் இருந்து, முன்னோருக்குப் படைத்து, முதல் கவளத்தைக் காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் இலையில் உட்காருவது பல குடும்பங்களின் பழக்கம். சனிக்கிழமை எள்சோறும் அப்படியே. காக்கை இங்கே வனவிலங்குதான். மதம் சார்ந்த பழக்கம் என்ற பதில் கட்டாயம் கைகொடுக்கும் என்று நம்பிவிடக்கூடாது. படையலை வீட்டுக்குள் பூசையறையிலேயே முடித்துவிட்டு, காக்கையின் பங்கைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. சம்பிரதாயம் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டால் மனக்குறையும் இருக்காது. மாடியிலிருந்து சோற்றை வீசுவது மட்டும் எந்த வழியிலும் சேராது. கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார் என்பது சட்டத்துக்கும் முந்திய காரணம்.

இதில் ஒரு சுவையான பின்கதையும் உண்டு. சிங்கப்பூரில் கரையும் வீட்டுக் காக்கை இந்த மண்ணின் பறவை அல்ல. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்ட கூட்டத்தின் வழி வந்தது அது. தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறிய காலத்திலேயே அதுவும் கடல் கடந்திருக்கிறது. பல ஆண்டுகள் அதன் எண்ணிக்கையைக் குறைக்க அரசு அமைப்புகளின் ஏற்பாட்டில் சிங்கப்பூர் துப்பாக்கிக் கழக உறுப்பினர்கள் குடியிருப்புப் பேட்டைகளில் காக்கை சுட்டார்கள். ஒருவருக்குக் குண்டு பட்ட பிறகு, 2020இல் அது நின்றது. இப்போது கூடு அகற்றுவது, பொறி வைப்பது, உணவு கிடைக்காமல் செய்வது என்று போகிறார்கள். 2023இல் பீஷானில் காக்கைகள் தலையில் கொத்திய செய்தி வந்தபோதும் ‘நானே கவணால் அடிக்கிறேன்’ என்று கிளம்ப எவருக்கும் அனுமதி இல்லை.

தேக்கா பக்கம் புறாக்களைப் பார்த்தவர்களுக்கு எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. பஃபலோ சாலைக் காய்கறிக் கடைகளின் முன்னே சிந்திய பருப்பு ஒரு பக்கம், புண்ணியத்துக்காகக் கொட்டும் தானியம் இன்னொரு பக்கம். கொட்டியவர் அடுத்த திருப்பத்தைத் தாண்டுவதற்குள் கூரை விளிம்பிலிருந்து ஒரு கூட்டம் இறங்கித் தரையை வெறுமையாக்கிவிட்டு மேலேறிவிடும். கடைவாசலில் தானாகச் சிந்தியது வேறு, வேண்டுமென்றே வைத்தது வேறு. சட்டம் கேட்பது பின்னதை. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது பிள்ளைகளின் பொறுப்பு. கோயிலுக்குப் போன இடத்தில் அம்மா செய்த புண்ணியத்துக்கு அதிகாரியிடம் பெயரும் முகவரியும் கொடுத்து நிற்கும் நிலை வேண்டாமே.

விடுதலை செய்வதும் குற்றமே என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாக தினத்தை ஒட்டி மீன், ஆமை, பறவைகளை வாங்கி விடுவதற்கு எதிராக ஒவ்வோர் ஆண்டும் பிரசாரம் நடக்கிறது. கூண்டில் வளர்ந்தது வெளியே பிழைக்காது. பிழைத்தால் உள்ளூர் உயிரை அழிக்கும்.

சரி, வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால்? ‘என் வீடு, என் நிலம்’ என்ற வாதம் எடுபடாது. புக்கிட் தீமா பக்கம் நீர்நாய்க் கூட்டம் இரவில் நுழைந்து, விலையுயர்ந்த கோய் மீன்களைத் தலையை மட்டும் மிச்சம் வைத்துத் தின்றுவிட்டுப் போன வீடுகள் உண்டு. மீன் வளர்ப்பவர் வேலி போடலாம், குளத்துக்கு வலை மூடி போடலாம். நீர்நாய்க்குப் பொறி வைக்கக்கூடாது. 2023இல் பூன் லேயில் சிலர் மலைப்பாம்பைக் கம்பால் அடித்து, ஒருவர் வெட்டுக்கத்தியாலும் வெட்டிய காணொளி பரவியது. அதிகாரிகள் விசாரணை தொடங்கினார்கள். பாம்பென்றால் அடிப்பதுதான் முறை என்று வளர்ந்த தலைமுறைக்கு இது அதிர்ச்சியாக இருக்கலாம். மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. சாக்கடைகளில் எலி தின்று வாழும் அது ஊருக்குச் சம்பளமில்லாத வேலைக்காரன். எலியை மட்டும் தனிக் கணக்கில் வையுங்கள். நோய் பரப்பும் பூச்சி, எலிகளுக்கென்று வேறு சட்டமே இருக்கிறது.

அப்படியானால் அனுமதி யாருக்குத்தான் கிடைக்கும்? பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், ஆய்வு, மீட்புப் பணி, இயற்கைச் சமநிலை போன்ற காரணங்களுக்காகத் தகுதியுள்ளவர்களுக்குக் கிடைக்கும். பூச்சி ஒழிப்பு நிறுவனம் வந்து குரங்குக்கோ புறாவுக்கோ கூண்டு வைக்கிறது என்றால், அதனிடம் எழுத்துமூல அனுமதி இருக்கிறதா என்று கேட்பது வாடிக்கையாளரின் வேலை. ‘நாங்கள் எல்லாம் பார்த்துக்கொள்வோம்’ என்பது அனுமதிக் கடிதம் ஆகாது. துப்பாக்கி உரிமம் முற்றிலும் வேறு விஷயம். காற்றுத்துப்பாக்கியைக்கூடக் காவல்துறை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. அந்த உரிமம் இருந்தாலும் அது ஒரு குருவியைச் சுடும் உரிமையைத் தராது. ஆயுதக் குற்றச் சட்டப்படி சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் உண்டு. மீன் பிடிப்பதற்கும் தனி விதிகள். நீர்த்தேக்கங்களில் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துக் கொடுத்த இடங்களில் மட்டும், செயற்கை இரையோடு மட்டும் தூண்டில் போடலாம்.

தமிழ்நாட்டுக்கும் இங்குமாகப் போய்வருகிறவர்கள் இரண்டு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இந்தியச் சட்டம் ‘வேட்டை’ என்ற சொல்லுக்கே இலக்கணம் எழுதியிருக்கிறது. கொல்வது, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டை. உடலின் ஒரு பகுதியை எடுப்பதும், பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும், கூட்டைக் கலைப்பதும்கூட வேட்டைதான். ஆக, ஊர் வயலில் உடும்புக்குக் கண்ணி வைத்துவிட்டு ‘ஒன்றும் சிக்கவில்லையே’ என்று சொல்வது அங்கே தற்காப்பு ஆகாது. உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டு சிறைக்குரிய குற்றம் அது. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் விலக்கு உண்டு. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட வேண்டும் என்ற விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கைக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு இறங்கிவந்தபோதும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம் என்றது. விவசாயி கையில் துப்பாக்கி வரவில்லை.

பெட்டிக்குள் வருவதும் கவனிக்க வேண்டியதே. சிங்கப்பூர் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2019 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் இரண்டு கொள்கலன்களில் மொத்தம் 25 டன்னுக்கு மேல் அழுங்குச் செதில் இங்கே பிடிபட்டது. அது பெரிய முதலைகளின் கணக்கு. சாதாரணக் குடும்பத்தின் கணக்கு புலிநகச் சங்கிலியில் தொடங்கும். தாத்தா காலத்து நகமாகவே இருக்கட்டும், புலிப் பாகத்தை விற்பனைக்கு என்று இணையத்தில் போட்டால் அருகிவரும் உயிரினச் சட்டம் வரும். ‘புலிநகம்’ என்று சொல்லி விற்றது மாட்டுக்கொம்பில் செதுக்கிய போலி என்றாலும் சிக்கல் தீராது. இன்னது என்று சொல்லி விற்றால், சட்டம் அதை அதுவாகவே எடுத்துக்கொள்ளும். யானைத்தந்த விற்பனைக்கு 2021 செப்டம்பர் 1 முதல் இங்கே முழுத் தடை. மயிற்பீலியும் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பொருள். தானாக உதிர்ந்த பீலியை இந்தியாவுக்குள் வைத்திருக்கலாம், ஆனால் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. காவடிக்கென்று பெட்டி நிறையக் கொண்டுவர நினைப்பவர்கள், கிளம்புமுன் இரு நாட்டு விதிகளையும் விசாரித்துவிட்டுப் பெட்டி கட்டுங்கள்.

பாம்போ, அடிபட்ட பறவையோ, வழிதவறிய குரங்கோ கண்ணில் பட்டால் தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி மையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஏக்கர்ஸ் அமைப்பின் மீட்பு எண் 9783 7782. புளோக் எண், மாடி, விலங்கு கடைசியாகப் போன திசை மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கதவைச் சாத்தி, பிள்ளைகளையும் வளர்ப்பு நாயையும் வேறு அறையில் வையுங்கள். மூலையில் மடக்காதீர்கள், கம்பை எடுக்காதீர்கள், காணொளிக்காக நெருங்காதீர்கள். இரண்டு எண்களையும் இப்போதே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.